ஆறாம் வரிசை, பதினோராம் எண்

2025 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, காலை 6.42 மணி. அந்த நேரத்தில் வந்த மின்னஞ்சலை அன்றே அச்செடுத்து, தேதி வாரியாக வைத்திருக்கும் கோப்பில் சேர்த்தேன். முழுவதும் இதுதான்:

"ஐயா, வணக்கம். உங்கள் இணையதளத்தில் எங்கள் அப்பாவின் பெயரை நேற்றுதான் பார்த்தேன். ஆறாம் வரிசை, பதினோராம் எண் என்று இருக்கிறது. அப்பா இறந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அம்மா கடைசியாகக் கேட்டது ஒன்றுதான், அப்பாவின் குழியிலேயே என்னையும் வை என்று. எனக்கு இடம் தெரியவில்லை. அம்மாவுக்கும் கடைசி வருடங்களில் நினைவு சரியாக இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் போனில் தேடினேன். உங்கள் பக்கம் வரவே இல்லை. இருபது நாள் முன்பு அம்மாவைப் பெங்களூரிலேயே அடக்கம் செய்துவிட்டோம். இருந்தாலும் நன்றி."

அந்தக் கடைசி இரண்டு சொற்களில்தான் நான் மாட்டிக்கொண்டேன். திட்டியிருந்தால் பதில் எழுதியிருப்பேன். அன்று எழுதவில்லை. கோப்பை மூடி வைத்துவிட்டு, அவர் சொல்லும் பக்கத்தைக் கணினியில் திறந்து பார்த்தேன். பதினாறு மாதங்களாக அது அங்கேதான் இருந்தது. அவருடைய அப்பாவின் பெயரும் இருந்தது, தொழிலும் இருந்தது, இறந்த தேதியும் இருந்தது. பக்கத்தின் தலைப்பு மட்டும் இப்படி இருந்தது: "பிரதி 14. எடுத்த நாள் 10-3-2024, ஞாயிறு."

நான் கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன். ஷிப்டுக்குக் கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டில், ஷாப்டுக்குள் இறங்கும் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த டோக்கன் கொடுப்பதும், ஏறி வந்ததும் அதைத் திரும்ப வாங்கி ஆணியில் மாட்டுவதும், வராத டோக்கனுக்கு ஆள் அனுப்பிக் கேட்பதும் என் வேலை. ஆணி காலியாக இருந்தால் ஒரு ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். அங்கே பெயருக்கு மதிப்பில்லை, எண்ணுக்கும் தேதிக்கும்தான் மதிப்பு. 2001இல் சுரங்கம் மூடிய பிறகு வேறு ஒரு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். படிப்பதும் குறிப்பெடுப்பதும் மட்டும் மாறவில்லை. ஊரில் கிடைக்கும் பழைய நோட்டுகளை, திருமண அழைப்பிதழ்களை, அடக்கப் பட்டியல்களை உள்ளது உள்ளபடி பிரதி எடுத்து, ஒரு சின்ன இணையதளத்தில் போட்டு வருகிறேன்.

பிரதி 14 என்பது மாரிகுப்பத்துப் பக்கம் உள்ள ஒரு கல்லறைத் தோட்டத்தின் காவலர் வைத்திருந்த நோட்டு. அவர் இறந்து பல வருடம் ஆகிறது. நோட்டு அவர் மகன் வீட்டில் இருந்தது. மேசை முன் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, நாள் முழுக்க எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கு நேரே இரண்டு எண்கள். முதலாவது வரிசை, இரண்டாவது அந்த வரிசையில் எத்தனையாவது குழி. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்று நோட்டில் எங்கும் இல்லை. ஆகவே என் வழக்கப்படி பக்கத்தின் தலையிலேயே ஒரு குறிப்பு எழுதினேன்: "எண்கள் நோட்டில் உள்ளபடி. எந்தப் பக்கத்திலிருந்து எண்ணியவை என்பது சரிபார்க்கப்படவில்லை." எழுதியதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். தோட்டத்துக்குள் ஒருநாளும் கால் வைக்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லறைக்குப் போகும் பழக்கமும் இல்லை.

என் மகள் பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறாள். தினமும் காலை வண்டியில் போய் இரவு வண்டியில் வருகிறாள். கடைகள், வீட்டுமனை விற்பவர்கள், பல் டாக்டர்கள் ஆகியோரின் இணையதளங்களைத் தேடுபொறியில் மேலே கொண்டுவருவதுதான் அவள் வேலை. என் தளத்தைப் பார்த்து அவள் பல முறை தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். நான் கேட்டதில்லை. அவள் செய்வது விளம்பரம், நான் செய்வது ஆவணம் என்று பிரித்து வைத்திருந்தேன். நல்ல சரக்கு உள்ளே இருந்தால் தேவைப்படுகிறவன் வந்து சேருவான் என்று நம்பினேன். நகர நூலகத்தில் நான் படித்த மிக நல்ல புத்தகங்கள் எல்லாம் அட்டை கிழிந்து அடித்தட்டில் கிடந்தவைதாம்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை, அச்செடுத்து வைத்திருந்த மின்னஞ்சலை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என் பக்கத்தைத் தன் போனில் திறந்தாள்.

"நைனா, நான் சொன்னா உனுக்குக் கோவம் வரும்."

"சொல்லு."

"இத எழுதின அம்மா ஆஸ்பத்திரில உக்காந்துக்கினு இன்னா அடிச்சிருப்பாங்க? 'கேஜிஎஃப் கல்லறை அப்பா பேர் எப்படிக் கண்டுபிடிக்கறது'ன்னு அடிச்சிருப்பாங்க. நீ 'பிரதி பதினாலு'ன்னு வெச்சிருக்க. உன் பேஜ்ல 'கேஜிஎஃப்'ங்கற வார்த்தையே இல்ல. 'கல்லறை'ன்னு ஒரு இடத்துலகூட இல்ல, 'அடக்கத் தலம்'னு போட்டிருக்க. அடக்கத் தலம்னு இந்த ஊர்ல யாரு பேசறாங்க?"

"நோட்டுல அப்படித்தான் இருக்கு."

"நோட்டுல இருக்கட்டும். உள்ள எல்லாம் கரெக்டாதான் கீது, நான் இல்லன்னு சொல்லல. கீழ தங்கம் இருந்தா போதுமா? எறங்கறதுக்குக் கேஜ் வேணாமா? நீ கேஜே இல்லாத ஷாப்ட் தோண்டி வெச்சிக்கினு, எவனும் வரலன்னு உக்காந்துக்கினுகீற."

அவளுடைய அம்மா அடுக்களையிலிருந்து, "டைம் ஆபீஸ்காரருக்கு ஆளுங்க தானா வந்து டோக்கன் வாங்கிப் பழக்கம்," என்றாள்.

நான் அன்று வாதாடவில்லை. அவள் சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். எங்கள் ஊரின் பெயரையும் கல்லறை என்பதையும் சேர்த்துத் தேடினால் முதலில் சினிமாச் செய்திகள், பிறகு மனை விளம்பரங்கள், பிறகு பேய்க் கதைகள். என் பக்கம் பதினோராவது திரையில் இருந்தது. மூன்று வாரத்தில் ஒருவர் பதினோராவது திரை வரை போவார் என்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதே தவறை நான் டைம் ஆபீஸில் செய்திருந்தால், டோக்கன்களை எல்லாம் ஒழுங்காக எண்ணி ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்ததாக ஆகியிருக்கும். கீழே இருப்பவனைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

அடுத்த மூன்று ஞாயிறுகள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். தலைப்பு, "கேஜிஎஃப் மாரிகுப்பம் கல்லறைத் தோட்டம்: யார் எங்கே இருக்கிறார்கள்" என்று ஆனது. ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பக்கம். பெயரை மக்கள் எப்படியெல்லாம் எழுதுவார்களோ அப்படியெல்லாம். தொழிலையும் ஆட்கள் வாயில் வருகிற சொல்லில். "தேடறவங்க கேக்கற கேள்விக்கு முதல் ரெண்டு வரியில பதில் இருக்கணும் நைனா. அந்த ரெண்டு வரியத்தான் தேடுபொறி வெளிய எடுத்துக் காட்டும்," என்றாள்.

முதல் இரண்டு வரியில் என் குறிப்பு இருந்தது. சரிபார்க்கப்படவில்லை என்ற குறிப்பு.

"இத இன்னா பண்றது?" என்று கேட்டாள். "எடுக்கச் சொல்லல. கீழ போட்டுடலாமா?"

"போடு," என்றேன். உண்மையில் அவள் போடவில்லை, நானே வெட்டி எடுத்துப் பக்கத்தின் அடியில் ஒட்டினேன். அன்றைய நாட்குறிப்பில், "குறிப்பு இடம் மாற்றம், பொருள் மாற்றமில்லை" என்று எழுதியிருக்கிறேன். தேதி ஆகஸ்ட் 3. அந்த வரியை இப்போது படிக்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் கடைசியில் எங்கள் பக்கம் தேடலின் முதல் திரைக்கு வந்தது. ஓசூரிலிருந்து ஒருவர், ஆம்பூரிலிருந்து ஒருவர், துபாயிலிருந்து ஒருவர் என்று எழுதினார்கள். பதினாறு மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்காத நோட்டு அது. மகள் போனை நீட்டி, "இப்ப இன்னா சொல்ற?" என்று கேட்டாள். நான் தோற்றதில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜூலையில் எழுதிய பெண்ணுக்கும் அப்போதுதான் பதில் எழுதினேன். மன்னிப்புக் கேட்டு, இப்போது எல்லோருக்கும் கிடைக்கும்படி செய்திருக்கிறேன் என்று.

அக்டோபர் 27 அன்று அவரிடமிருந்து பதில் வந்தது. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று வருவதாகவும், அப்பாவின் குழியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய் அம்மாவின் குழியில் போடப்போவதாகவும் எழுதியிருந்தார். பக்கத்தில் வைக்க முடியாததற்கு அதுதான் தன்னால் முடிந்தது என்று.

நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமை. மாரிகுப்பம் ஸ்டேஷனில் வண்டியிலிருந்து இறங்கினார். ஐம்பதை நெருங்கும் வயது. ஒரு கையில் சாமந்தி மாலை, இன்னொரு கையில் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பா. புது டப்பா, விலைச்சீட்டு ஒட்டிய தடம் கூட இருந்தது. "அங்கிள், நீங்க இல்லன்னா இது நடந்தே இருக்காது," என்றார். நான் அதை மறுக்கவில்லை.

தோட்டத்தில் நல்ல கூட்டம். சுண்ணாம்பு அடிக்கிறவர்கள், புல் பிடுங்குகிறவர்கள், காற்றில் அணையும் மெழுகுவத்தியைக் கையால் மறைத்து ஏற்றுகிறவர்கள். வாயிலிலிருந்து எண்ணினோம். ஒன்று, இரண்டு என்று நான் சத்தமாகவே எண்ணினேன், பழக்கம். ஆறாம் வரிசையில் திரும்பிப் பதினோராவது குழிக்கு வந்தபோது அங்கே ஒரு குடும்பமே உட்கார்ந்திருந்தது. குழி முழுக்கப் பூ. சிமெண்ட் சிலுவையில் ஒரு பெண்ணின் பெயர்.

குடும்பத்தில் பெரியவராக இருந்தவர் எழுந்து வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணின் போனை வாங்கிப் பார்த்தார். தேடலில் எங்கள் பக்கத்தின் முதல் இரண்டு வரி தெரிந்தது. அப்பாவின் பெயர், வரிசை ஆறு, எண் பதினொன்று.

"இன்னா சார் இது? இங்க எங்க பெரிம்மா கீறாங்க. நெட்டுல வேற ஆளுக்கு வூடு அலாட் பண்ணிட்டீங்களா?" என்றார். அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

நான் சிரிக்கவில்லை. அவர் தொடர்ந்து, "வாசல்லர்ந்து எண்ணினீங்களா? இந்த வாசல் இப்ப வந்தது சார். மைன்ஸ் மூடினப்பறம்தான் இதத் தொறந்தாங்க. மின்னாடி அந்தாண்ட, ஷாப்ட் பக்கம் கீதே, அங்கதான் வாசல். அது இப்ப முள்ளு," என்று கையை நீட்டிக் காட்டினார்.

எங்கள் ஊரில் எதையும் நுழைகிற இடத்திலிருந்துதான் எண்ணுவார்கள். சுரங்கத்தில் லெவல் எண்ணுவது மேலேயிருந்து. தொழிலாளர் லைன் வீடுகளை எண்ணுவது ரோட்டிலிருந்து. அதை எங்கும் எழுதி வைக்கமாட்டார்கள், எழுதத் தேவை இல்லை. காவலரும் அப்படித்தான் எழுதாமல் விட்டிருக்கிறார். நானும் அதே ஊர்க்காரன் என்பதால் வாயிலில் நின்றதும் யோசிக்காமல் எண்ணத் தொடங்கிவிட்டேன். நுழைகிற இடம் மாறியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மேற்கே இருந்த பழைய வாயில் பக்கம் போய் எண்ணினோம். ஆறாம் வரிசை, பதினொன்று. அங்கே சிலுவை இல்லாத ஒரு மேடு இருந்தது. முன்பு இருந்த இரும்புச் சிலுவைகள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய் வெகு நாளாகிறது. அந்தப் பெண் முட்டிபோட்டு உட்கார்ந்து டப்பாவின் மூடியைத் திறந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அப்ப இதுதானா அங்கிள்?"

நான் வாய் திறப்பதற்குள், கூடவே வந்திருந்த பெரியவர் சொன்னார்: "சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்றேன் சார். எங்க பெரிம்மாவுக்குக் குழி வெட்டினப்ப கீழ பழைய எலும்பு வந்துச்சு. எடம் இல்லாத ஊரு, ஒருத்தர் மேல ஒருத்தர்தான். ஓரமா வெச்சு ஜெபம் பண்ணி மூடினாங்க. அது யாருன்னு யாருக்கும் தெரியாது."

அந்தப் பெண் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்.

"ஜூலைல பார்த்தப்ப மேலயே போட்டிருந்தீங்க அங்கிள், எந்தப் பக்கத்துலருந்து எண்ணினதுன்னு சரிபார்க்கலன்னு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இப்ப பார்த்தா அது இல்ல. சரி, இவர் நேர்ல போய்ப் பார்த்துட்டார்போல, அதான் எடுத்துட்டார்னு நெனச்சேன். அத நம்பித்தான் கெளம்பினேன்."

"அடியில இருக்கும்மா," என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது.

"அடியில யாரு பாப்பா?"

அவர் குரல் உயரவில்லை. பெரியவர் சங்கடப்பட்டு, தன் குடும்பத்தார் இருந்த இடத்துக்குப் போய், குழியின் ஓரத்திலிருந்து ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு வந்தார். "இதுலயும் கொஞ்சம், அதுலயும் கொஞ்சம் எடுத்துக்கினு போம்மா. எங்க பெரிம்மா ஒண்ணும் சொல்லாது. நல்ல மாதிரி அது."

அந்தப் பெண் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் டப்பாவை நீட்டவில்லை. "எங்கம்மா நாப்பது வருஷம் அவர் ஒருத்தருக்காக இருந்தாங்க அண்ணா. யாரோட மண்ணோ கொண்டுபோய் எப்படிப் போடறது?" என்றார். மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் கையிலேயே வைத்திருந்தார். கடைசியில் இரண்டு இடத்துக்கும் நடுவில் இருந்த ஒரு வேப்பமரத்தடியில் வைத்தார்.

ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் திரும்பினோம். வண்டி ஏறும்போது, "சரிபார்த்துட்டுச் சொல்லுங்க அங்கிள். அப்ப வரேன்," என்றார். டப்பா காலியாக இருந்ததால் கைப்பையில் எதிலோ இடித்துச் சத்தம் எழுப்பியது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். "நான்தான கீழ போடச் சொன்னேன்," என்றாள். அவள் சொன்னது பாதிதான் என்று அவளுக்குச் சொன்னேன். ஜூலை வரை என் பக்கம் சரியாக இருந்தது, யாருக்கும் கிடைக்கவில்லை. ஆகஸ்டுக்குப் பிறகு எல்லோருக்கும் கிடைத்தது, சரியாக இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருந்தது: எழுந்து போய்த் தோட்டத்தைப் பார்ப்பது. வீட்டிலிருந்து ஆட்டோவில் அரை மணி நேரம். அதை அவளும் செய்திருக்க வேண்டியதில்லை, தேடுபொறியும் செய்திருக்க முடியாது. நான் செய்திருக்க வேண்டும். நல்ல சரக்கு என்று நான் பெருமைப்பட்டது ஒருவர் எழுதியதை மேசை முன் உட்கார்ந்து பார்த்து எழுதியது மட்டுமே.

தலைப்பைத் திரும்பவும் மாற்றினேன். இப்போது ஒவ்வொரு பக்கமும் "சரிபார்க்கப்படவில்லை" என்ற சொல்லோடுதான் தொடங்குகிறது. தலைப்பு நீண்டால் தேடுபொறி வாலை வெட்டிவிடும் என்று மகள் சொன்னதால் அதை முதலில் வைத்தேன்.

"தேடல்ல எறங்கிடும் நைனா," என்றாள்.

"எறங்கட்டும்."

இறங்கியது, ஆனால் முதல் திரையை விட்டுப் போகவில்லை. அந்தச் சொல்லைப் பார்த்த பிறகும் ஆட்கள் எழுதுகிறார்கள். எங்கப்பா எந்தக் குழி என்று கேட்கிறார்கள். ஓசூர்க்காரரும் ஆம்பூர்க்காரரும் அதற்கு முன்பே வந்து சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்களா, போனார்கள் என்றால் எந்த வாயிலிலிருந்து எண்ணினார்கள் என்று நான் எழுதிக் கேட்டேன். ஒருவர் மட்டும் பதில் அனுப்பினார். புது வாயிலிலிருந்து.

நோட்டை மறுபடி வாங்கிப் பார்த்தேன். முதல் முறையே கண்ணில் பட்டு நான் பொருட்படுத்தாத ஒன்று இப்போது உறுத்துகிறது. பல வருட இடைவெளியில் நடந்த அடக்கங்கள் எல்லாம் ஒரே மையில், ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியதுபோல் இருக்கின்றன. அவ்வப்போது எழுதிய நோட்டு அப்படி இருக்காது. இது காவலர் ஏதோ ஒரு பழைய நோட்டைப் பார்த்து மொத்தமாகத் திருப்பி எழுதிய படி. சுரங்கம் மூடுவதற்கு முன்பு எழுதியிருந்தால் எண்கள் பழைய வாயிலிலிருந்து. மூடிய பிறகு, புது வாயில் வந்ததும், அவர் திரும்பவும் நடந்து எண்ணி எழுதியிருந்தால் புது வாயிலிலிருந்து. பழைய எண்களையே மாற்றாமல் பிற்பாடு பார்த்து எழுதியிருக்கவும் இடம் இருக்கிறது. அவர் மகனிடம் கேட்டேன். "அப்பா எழுதிக்கினே இருப்பாரு சார். எப்பன்னு யாரு பார்த்தா?" என்றார். முதல் நோட்டு கிடைக்கவில்லை. தோட்டத்துக்குப் போய் இப்போது நிற்கும் சிலுவைகளோடு ஒப்பிட்டேன், நோட்டில் உள்ள ஒரு பெயரும் அவற்றில் இல்லை, எல்லாம் நோட்டுக்குப் பிந்தியவை. நோட்டு எப்போது விற்றது என்று விசாரிக்கலாம் என்றால், அட்டையில் கடையின் பெயர் இருந்த இடம் கிழிந்திருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு இந்த விவரம் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். படித்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

மாரிகுப்பம் கல்லறைத் தோட்டக் காவலரின் நோட்டு, மேற்கு வாயில் மூடப்படுவதற்கு முன்பு எழுதப்பட்டதா, பின்பா: இதை எழுதும் நாள் வரை சரிபார்க்கப்படவில்லை.